நான்காம் நபரின் நீல அட்டை

போன வெள்ளிக்கிழமை லோரெய்ன் ஆக்ராய்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி ஒரு பெரிய வாழ்த்து அட்டையை மேசைக்கு மேசை சுற்றவிட்டார்கள். ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். தோட்டத்தைக் கவனி, கணவனை மேய்க்கப் போகிறாயா என்று ஆளாளுக்குக் கிறுக்கியிருந்தார்கள். என் கைக்கு வந்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு "நன்றாக இரு" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்த்திவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லோரெய்னுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எதிரில் உட்கார்ந்து படிவம் நிரப்பினால், தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை பார்த்தபோது குளிருகிறதோ என்று நினைத்து ஹீட்டரைக் கூட்டி வைத்தேன்.

"குளிரெல்லாம் இல்ல கண்ணு. கை வெளிய இருந்தா அதுபாட்டுக்குப் போய்க் காட்டிக் குடுத்துரும்," என்றாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி அவளுக்கு எல்லாரும் கண்ணுதான். பஸ் டிரைவரும் கண்ணு, மேயரும் கண்ணு. என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் உரிமையும் உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

வட இங்கிலாந்தில் ஒரு நகரமன்றம் எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மூடிய கவுண்டர் எது, அதை மூடியவர் யார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தக் கவுண்டரில்தான் லோரெய்ன் பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். வீட்டு வசதிப் பிரிவு. ஒரு கண்ணாடி, அதன் அடியில் ஒரு இடுக்கு, நூலில் கட்டிய பேனா. மழையில் நனைந்து வந்து வரிசையில் நிற்பவர்களின் படிவத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து, "இங்க பேரு, இங்க பழைய விலாசம், இங்க ஒண்ணும் எழுதாதீங்க, அது எங்களுக்கு," என்று சொல்லித் தருவாள். இருபத்தேழு வருஷம் அந்த விரல் ஓயவில்லை. அவள் கையில் போன படிவம் திரும்பி வந்ததில்லை என்று ஊரில் பேர்.

பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றினார்கள். போகிறாயா, புது வேலை கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். வீட்டுக் கடன் பாக்கியிருந்ததால் கற்றுக்கொண்டாள். ஆறு வாரப் பயிற்சியில் பயனர் ஆய்வாளர் ஆகிவிட்டாள். ஒரு புதுப் படிவம் ஊருக்குப் போகும் முன் ஏழெட்டு சாதாரண ஆட்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்து நிரப்பச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. அதில் தலையாய விதி, உதவக் கூடாது. உதவினால் படிவத்தின் குறை மறைந்துவிடும். யாராவது "இங்க என்ன எழுதணும்?" என்று கேட்டால், "நான் இங்க இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

"முழிக்கிறவங்ககிட்ட இந்தக் கேள்வியக் கேக்குறதுக்கு ஒருத்திக்குச் சம்பளம்," என்பாள் லோரெய்ன். "எங்கம்மா உசுரோட இருந்தா செருப்பால அடிச்சிருப்பா."

ஆனால் விதியை மீறியதில்லை. கைமேல் உட்கார்ந்து பழகிக்கொண்டாள்.

நான் படிவம் வரைகிறவன். எந்தச் சொல், எந்த வரிசை, கட்டம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் என் பாடு. சோதனை நடக்கும்போது பக்கத்து அறையில் டிவி திரைக்கு முன்னால் உட்கார்ந்து மஞ்சள் ஒட்டுச் சீட்டில் குறிப்பு எழுதுவேன். வந்தவர்களுக்கு எங்களிடம் பேர் கிடையாது. நபர் ஒன்று, நபர் இரண்டு. அதுவும் விதி.

ஒரு வருஷம் ஏப்ரல் தொடக்கத்தில் நீல அட்டைப் படிவத்தைப் புதுப்பித்தோம். நடக்க முடியாதவர்கள் காரின் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு வாசலை ஒட்டி நிறுத்த உதவும் அட்டை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சீக்கிரம் காலாவதியாகப் போகிற அட்டை வைத்திருப்பவர்களாகப் பார்த்து ஒரு ஏஜென்சி போனில் கூப்பிட்டு அனுப்பியது. அவர்கள்தான் சோதனைக்குச் சரியான ஆட்கள் என்று நாங்களே கேட்டு வாங்கினோம்.

நான் ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்திருந்தேன். பார்க்க அசலேதான். ஆனால் உள்ளே ஒன்றும் கிடையாது, எழுதுவதை எங்கேயும் அனுப்பாது, சேமிக்காது. கடைசிப் பக்கத்தில் பச்சைக் கட்டத்துக்குள் "உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது" என்று வரும். கீழே ஒரு எண். யார் நிரப்பினாலும் அதே எண்தான், கே.டி. 7714 பி. விரல் போன போக்கில் நான் தட்டியது. அதற்கும் கீழே, "முடிவு தெரிய பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம். மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். விண்ணப்பித்தால் மேலும் தாமதமாகும்."

"அந்தப் பச்சக் கட்டத்துக்குள்ள 'இது ஒத்திகை'ன்னு ஒரு வரி போட்ரு கண்ணு," என்றாள் லோரெய்ன்.

"போட்டா மொத்தமும் கெட்டுச்சு. ஒத்திகைன்னு கண்ணுல பட்டா விளையாட்டா எடுத்துக்குவாங்க. நெசம்னு நெனச்சாத்தான் நெசமா நடந்துக்குவாங்க."

"சரி, நான் வாயாலயே சொல்லிக்கிறேன்."

என் தொழில் பெருமை பேசிய பேச்சு அது. இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் மூன்று பேருக்கும் கடைசியில் சொன்னாள். "இது சும்மா ஒத்திகைதாங்க. அசல் விண்ணப்பத்த நீங்க தனியா போட்ரணும், மறந்துராதீங்க." நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

நான்காம் நபர் பெரில். எழுபத்து நாலு வயது. மழைக்கோட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையை அணைத்துக்கொண்டு வந்தாள். கணவரின் இரண்டு படங்கள், டாக்டர் கடிதம், பழைய அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. நான்கு பக்கச் சம்மதப் படிவத்தை லோரெய்ன் நீட்டியபோது, "எங்க கையெழுத்து கண்ணு?" என்று கேட்டுப் போட்டுவிட்டாள். இது ஆய்வு மட்டும், உங்கள் பெயரை முப்பது நாளில் அழித்துவிடுவோம், அதன்பின் உங்களைத் தொடர்புகொள்ளவே மாட்டோம் என்பதெல்லாம் அதில் இருந்தது. வக்கீல்கள் எழுதித் தந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு லோரெய்னே எளிமையாக எழுதிய படிவம் அது. அதில் அவளுக்குப் பெருமை.

எட்டுக் கேள்வி தடங்கலில்லாமல் போயிற்று. ஒன்பதாவது, "நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? மீட்டரில் எழுதுக."

"மீட்டர்லயா? அவர யாரு டேப் வச்சு அளந்தா?" என்றாள் பெரில். லோரெய்ன் கைமேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். "என்ன கண்ணு எழுதட்டும்?"

"நான் இங்க இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

"நீ இல்லன்னா தனியா உக்காந்து அழுதிருப்பேன்," என்றாள் பெரில். சொல்லிவிட்டு அழவும் செய்தாள்.

அழுகைக்கு நடுவே எல்லாம் வந்தது. கணவர் பெயர் நார்மன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். நுரையீரல் போய்விட்டது. சனிக்கிழமை தவறாமல் பூங்காவில் பந்து உருட்டும் ஆட்டம் ஆடியவர். இப்போது ஆட முடியாது. ஆனால் புல்திடலின் வேலியை ஒட்டி ஒரு நீல அட்டை இடம் இருக்கிறது. அங்கே காரை நிறுத்தினால் கண்ணாடி வழியே ஆட்டம் முழுவதும் தெரியும். ஜன்னலை இறக்கி, ஆடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். "அந்த ரெண்டு மணி நேரந்தான் கண்ணு அவருக்கு வாரம். மிச்சமெல்லாம் சும்மா மூச்சு விடறது." அட்டை மே மாதக் கடைசிவரைதான் செல்லும். அதற்குள் புதியது வர வேண்டும்.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு தட்டினாள். எண்ணுக்கான கட்டத்தில் எழுத்தெழுத்தாக: "சமையலறையிலிருந்து வாசல்வரை. நடுவில் நிற்பார். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக் கூடாது என்று சுவரிலிருக்கும் காலண்டரைப் பார்ப்பதுபோல நிற்பார். ஒரே மாதத்தை நாலு நிமிஷம் பார்ப்பார்."

அந்த ஒரு கேள்விக்கு இருபத்தைந்து நிமிஷம். நான் மஞ்சள் சீட்டில் எழுதினேன்: "நபர் 4. கேள்வி 9. மிக நீளம், சுருக்கு." திரையில் லோரெய்னின் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்து பெரிலின் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். பச்சைக் கட்டம் வந்தது. பெரில் எண்ணைத் தன் டைரியில் குறித்துக்கொண்டாள். ஐந்தாம் நபர் வெளியே காத்திருந்து முனகத் தொடங்கியிருந்தார். லோரெய்ன் பெரிலுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வருகிறவர்கள் சாமான் வாங்கிக்கொள்ள வழக்கமாகத் தரும் கடைச் சீட்டையும் கொடுத்து, லிஃப்ட்வரை, லிஃப்டிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை கூடவே போனாள். குடை பிடித்துக்கொண்டு போனாள்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. நானும் கவனிக்கவில்லை. நான் அடுத்த மஞ்சள் சீட்டில் இருந்தேன்.

காலண்டர் வரியைப் பெரிய எழுத்தில் கூட்டத்தில் காட்டினோம். எங்கள் மேலாளர் கிளைவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டினார்கள். மீட்டர் கட்டம் போயிற்று, அந்த இடத்தில் எளிய கேள்வி வந்தது. புதுப் படிவம் ஜூனில் வெளியானது. நல்ல பேர் கிடைத்தது. பெரிலின் பெயர், போன், திரைப் பதிவு எல்லாம் சொன்ன வாக்குப்படி முப்பதாம் நாள் அழிக்கப்பட்டன.

ஜூலை நடுவில் லோரெய்னைத் தொலைபேசிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். புதுப் படிவம் பற்றி மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று அறிய, பதில் சொல்லும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு ஹெட்போனில் கேட்க வேண்டும். அந்த ஹெட்போனில் மைக் கிடையாது. கேட்கலாம், பேச முடியாது. அன்றைக்கு அவள் கேட்டதை வார்த்தை பிசகாமல் எனக்குப் பிறகு சொன்னாள்.

"நீல அட்ட விஷயமா கூப்புடறேன் கண்ணு. அவசரமெல்லாம் இல்ல. பன்னெண்டு வாரம்னு போட்டிருந்துச்சு, பதினாலு ஆயிருச்சு. அதான் கேக்கலாம்னு."

"நம்பர் சொல்லுங்கம்மா."

"கே டி, ஏழு ஏழு, ஒண்ணு நாலு, பி."

லோரெய்ன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பிடி ஒரு நம்பரே இல்லியேம்மா. எங்க போட்டீங்க?"

"உங்க ஆபீஸுக்கே வந்து போட்டேன் கண்ணு. டீயெல்லாம் குடுத்தாங்க. விண்ணப்பம் போட்டதுக்குக் கடச் சீட்டு வேற பரிசாக் குடுத்தாங்க. எங்க தெருவுல ஒருத்தரும் நம்பல."

பதில் சொல்லும் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வயசான அம்மா எதையோ குழப்பிக்கொள்கிறாள் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. "எதுக்கும் புதுசா ஒண்ணு போட்ருங்கம்மா."

"ஐயோ, அது கூடாதே. மறுபடி போட்டா தாமதமாகும்னு அதுலயே எழுதியிருந்துச்சே. வரிசையில கடைசிக்குப் போயிருவோம். பரவால்ல கண்ணு, நாங்க காத்திருக்கோம். நீ வேலையப் பாரு."

லோரெய்ன் எழுந்து நின்று கையை ஆட்டினாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள். கேட்க வந்தவர்கள் அழைப்பில் குறுக்கிடக் கூடாது என்பது விதி. அந்தப் பெண் ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்றாள். அதற்குள் பெரில் வைத்துவிட்டாள். அடுத்த அழைப்பு தானாக வந்து விழுந்தது, குப்பைத் தொட்டி பற்றி.

என் மேசைக்கு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் சொல்லலடா," என்றாள். கண்ணு இல்லை, டா. "அவகிட்ட மட்டும் நான் சொல்லல."

நேரே கிளைவிடம் போனோம்.

"அவங்க பேரையே நாம அழிச்சிட்டோமே," என்றார் கிளைவ். "முப்பது நாள்னு வச்சதே நீங்கதான லோரெய்ன்."

"ஏஜென்சிகிட்ட இருக்குமே?"

"நம்ம படிவத்தக் காட்டித்தான் அவங்களையும் அழிக்க வச்சோம்."

அழைப்பு வந்த எண்ணைக் கேட்டோம். அதைத் தர அழைத்தவரே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார்கள். அட்டை வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கேட்டோம். அதை ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். இது ஆய்வில்லை ஐயா, ஒரு கிழவிக்கு நாங்கள் செய்த அநியாயம் என்றேன். அதற்கு அவர்களிடம் கட்டம் இல்லை. ஒருத்தியை எங்கள் கட்டடத்துக்கே வரவழைத்து ஏமாற்றிவிட்டு, அவளைத் தேடிப் போகும் வழி ஒவ்வொன்றையும் நாங்களே நல்லெண்ணத்தோடு பூட்டி வைத்திருந்தோம். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

எங்களிடம் மிச்சம் இருந்தது, பெரில், நார்மன், பஸ், வேலியோரம் ஒரு நீல அட்டை இடம். ஊரிலும் சுற்றிலும் பந்து உருட்டும் திடல் உள்ள பூங்காக்கள் பதினொன்று. லோரெய்ன் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்த் தேட ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன்.

ஆகஸ்ட் நடுவில், ஏழாவது பூங்காவில், தொப்பி வைத்த இரண்டு பெரியவர்கள் தூறலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நார்மனா? எந்த நார்மன்? பஸ் நார்மனா, பொய்ப்பல்லு நார்மனா?"

"பஸ்," என்றாள் லோரெய்ன்.

"கார்ல உக்காந்துகிட்டு கத்துவானே! மே மாசத்துக்கு அப்புறம் ஆளக் காணோம். அவன் இல்லாததால நாங்கல்லாம் ரொம்ப நல்லா ஆடறோம்னு போய்ச் சொல்லுங்க." அவர் கையிலிருந்த பந்தைத் துடைத்துக்கொண்டே வேலிப் பக்கம் பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது. "அட்ட இல்லன்னா என்னடா, சும்மா வந்து நிறுத்து, எவன் கேக்கப் போறான்னு போன்ல சொன்னேன். காலாவதியான பாஸ் வச்சுகிட்டு ஒரு பயலையும் நான் பஸ்ல ஏத்தினதில்ல, நான் மட்டும் உக்காருவனாங்கறான். பிடிவாதம் புடிச்ச கழுத."

வீட்டுக்கு வழி சொன்னார். மீன் வறுவல் கடைக்கு எதிர்ச் சந்து.

கதவைத் திறந்த பெரில் லோரெய்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அட, டீ வாங்கிக் குடுத்த பொண்ணு! நேர்லயே கொண்டாந்துட்டீங்களா?" உள்ளே திரும்பிக் கூவினாள். "நார்மன்! அட்டைய ஆபீஸ்லருந்தே கொண்டாந்திருக்காங்க!"

நான் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். லோரெய்ன் நடையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அது ஒத்திகை, நான் சொல்லியிருக்கணும், சொல்லல, உங்க விண்ணப்பம் எங்கயும் போகல.

பெரில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நான் ஒண்ணும் தப்பா நிரப்பலயே?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் நிரப்புனீங்க."

"இத்தன நாளா எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அவர்கிட்ட சொல்லல." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் எழுதுனதெல்லாம்? காலண்டர் பத்தியெல்லாம் எழுதுனேனே, அது எங்க போச்சு?"

லோரெய்ன் என்னைப் பார்த்தாள். படிவம் என்னுடையது. "அத... நாங்க எல்லாரும் படிச்சோம்," என்றேன்.

"படிச்சீங்களா?" என்றாள் பெரில். கோபமே இல்லை அவள் குரலில், ஆச்சரியம்தான் இருந்தது. "படிச்சுமா அட்ட வரல?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் பார்த்தேன்.

அவள் தலைக்குப் பின்னால் நடைச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்கியது. மே மாதத்திலேயே நின்றிருந்தது. நார்மன் இப்போது அவ்வளவு தூரம்கூட வருவதில்லை. முன்னறையில் நாற்காலியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருந்தார். பெரிய உடம்புக்காரர், சட்டைக்குள் பாதியாகியிருந்தார்.

லோரெய்ன் பையிலிருந்து ஒரு காகிதப் படிவத்தை எடுத்தாள். ஐந்து வாரமாக அதைச் சுமந்துகொண்டுதான் பூங்கா பூங்காவாக அலைந்திருக்கிறாள், எனக்கே தெரியாது. சமையலறை மேசையில் விரித்தாள். கவுண்டர் போன பிறகு முதல்முறையாக அந்த விரல் வெளியே வந்தது. இங்க பேரு. இங்க பொறந்த தேதி. இங்க ஒண்ணும் எழுதாதீங்க, அது எங்களுக்கு. பழைய காகிதப் படிவம் அது, ஒன்பதாவது கேள்வி பழையபடியே இருந்தது. பெரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத இன்னொரு தடவ எழுத என்னால முடியாது கண்ணு."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு மனப்பாடம்," என்று லோரெய்ன் பேனாவை வாங்கி, சமையலறையிலிருந்து வாசல்வரை என்று தொடங்கி, ஒரு சொல் மாறாமல் எழுதினாள்.

கையெழுத்துக்காக நார்மனிடம் கொண்டுபோனோம். ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிப் போட்டார். "செப்டம்பர் கடைசிவரைக்கும் ஆட்டம் இருக்கு," என்றார் என்னிடம். "வந்ததும் மொத வேலையா அந்தத் தொப்பிக்காரன்கிட்ட உனக்கு உருட்டவே தெரியாதுன்னு சொல்லணும். அவன் வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டான்."

"அதுவரைக்கும் சும்மா ஒருநாள் கார்ல கூட்டிட்டுப் போறேன், வாங்க. நான் நிறுத்தறேன், கேக்குறவன் என்னக் கேக்கட்டும்," என்றேன்.

"அட்ட வரட்டும்," என்றார். அவரோடு வாதாட முடியாது.

கிளைவைக் குறை சொல்ல மாட்டேன். படிவத்தைத் தன் கையாலேயே மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பன்னிரண்டு வாரம் ஆக வேண்டியது மூன்றே வாரத்தில் முடிந்தது. அட்டை ஒரு திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. நார்மன் அதற்கு முந்தைய வியாழக்கிழமை இறந்துபோயிருந்தார்.

பெரில் போன் செய்தாள். லோரெய்ன் விதியை மீறித் தன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நானும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அட்ட வந்திருச்சு கண்ணு. படம் நல்லா விழுந்திருக்கு. கிளப் டை கட்டிகிட்டு இருப்பாரே, அந்தப் படம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா கூடவே ஒரு தாளும் இருக்கு. ஆளு போயிட்டா அட்டையத் திருப்பி அனுப்பணுமாம். அதுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு படிவம் இருக்காம். பக்கத்து வீட்டுப் பொண்ணு தொறந்து குடுத்துட்டுப் போயிருக்கா. நீ கொஞ்சம் கூட இருக்கியா?"

"இருக்கேன். மெதுவாப் பண்ணுங்க."

அந்தப் படிவமும் நான் செய்ததுதான். ஐந்தே கேள்வி. அட்டைக்காரர் பெயர், அட்டை எண், இறந்த தேதி, உங்கள் பெயர், நீங்கள் அவருக்கு என்ன உறவு. பெரில் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள், லோரெய்ன் ஒவ்வொன்றுக்கும் என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். தேதி கேட்ட வரியை மட்டும் பெரில் இரண்டு தடவை படித்தாள். நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோரெய்னின் கைகள் தொடைக்கு அடியில் போயிருந்தன.

"அனுப்புங்கறத அமுக்கிட்டேன்," என்றது பெரிலின் குரல். "பச்சையா ஒரு கட்டம் வருது. வந்து சேர்ந்ததுன்னு போட்டிருக்கு. கீழ ஒரு நம்பர் இருக்கு, எழுதி வச்சுக்கறேன்."

பேனா டைரியில் உரசுவது கேட்டது. பிறகு அது நின்றது.

"கண்ணு," என்றாள் பெரில், "இது நெசமானதுதான?"

லோரெய்ன் கைகளை வெளியே எடுத்துப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "இது நெசம்."